மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த இத்தாலிக்காரி

போன மாதம் பூப்பாறையில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, டீ குடிக்கலாமென்று மலையுச்சியில் போடிமெட்டில் இறங்கினோம். காரை விட்டு இறங்கியதுமே அந்த வாடை மூக்கில் ஏறியது. சூடேறிய இரும்பு, கருகின ரப்பர், கொஞ்சம் பச்சைப் பெட்ரோல். யாரோ வண்டியைக் கொதிக்க விட்டிருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டேன். அறுபதைத் தாண்டிய பெண்மணிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்பதுபோல டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

கடைக்கு அந்தப் பக்கம் சின்னதாய், தாழ்வாய், கூரையை மடக்கிவிட்ட ஒரு சிவப்புக் கார் நின்றது. இரண்டே சீட்டு. பழைய இத்தாலிக் கார். கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் முன்மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு, செல்போனில் எதையோ படித்தபடி தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். இந்த மாதிரிக் கார்களில் வழக்கமாக என்னென்ன கெடும், சரிசெய்ய என்ன செலவாகும் என்று யாரோ எழுதிவைத்திருந்ததைப் படிக்கிறான். வாங்கிய விலையைவிட ரிப்பேருக்குக் கொடுத்ததுதான் அதிகமென்று புலம்பினான். ரேடியேட்டர், வயரிங் என்று அவன் ஆரம்பித்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“காலையில ரெண்டாவது கியர் விழாதேப்பா?” என்றேன்.

அவன் போனை இறக்கிவிட்டு, “உங்ககிட்டயும் இது இருந்துச்சா?” என்று கேட்டான்.

முகம் சூடாகிவிட்டது. இந்த வயதிலும் எனக்கு முகம் சிவக்கும் என்பது எனக்கே புதுச் செய்தி. என் வீட்டுக்காரர் டீ கிளாசை எடுத்துக்கொண்டு, கீழே போடி தெரிகிற பக்கமாய்த் தள்ளிப்போய் நின்றுவிட்டார். அந்தப் பையனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

போடியில் எங்கள் அப்பாவுக்கு ஏலக்காய் வியாபாரம். எங்கள் ஊரில் வெறுமே ‘காய்’ என்றால் அது ஏலக்காய்தான், கத்தரிக்காயை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நான் மதுரையில் காலேஜில் சேர்ந்த வருடம், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் காய் எடுக்கப் போன அப்பா, காருடன் திரும்பி வந்தார். தோட்ட முதலாளியின் மகன் வெளிநாட்டில் படித்துவிட்டுக் கப்பலில் கொண்டுவந்த வண்டி. அவர் தோட்டத்தை விற்றுக் கொச்சிக்குப் போகும்போது, ‘வேணோ?’ என்று மலையாளத்தில் ஒரு வார்த்தை கேட்டாராம். அப்பா வேண்டாமென்று சொல்லத் தெரியாதவர்.

வீட்டில் அப்பா, அம்மா, நான், தம்பிகள் இருவர் என்று ஐந்து பேர். காரில் இரண்டு பேர்தான் உட்காரலாம். மற்றவர்கள் எப்படி வருவது என்று அம்மா கேட்டதற்கு, “பஸ்ஸு எதுக்கு விட்டிருக்கான்?” என்றார் அப்பா. அன்றைக்கே அம்மா அதற்கு இத்தாலிக்காரி என்று பெயர் வைத்துவிட்டாள். சொன்ன தொனியில் சக்களத்தி என்பதும் சேர்ந்திருந்தது. பெயர் ஊரெல்லாம் பரவி, காயை ஏலம் விடுகிற இடத்தில் பக்கத்து நாற்காலிக்காரர்கூட, “இத்தாலிக்காரிக்கு இப்ப ஒடம்பு எப்படி இருக்குண்ணே?” என்று விசாரிக்கிற அளவுக்குப் போனது.

உடம்பு நன்றாக இருந்த நாள் குறைவு. ஹாரனை அமுக்கினால் முன்விளக்கு அணையும். மழைக்கு வைப்பரைப் போட்டால் பெட்ரோல் முள் தானாக ஏறி டேங்க் நிறைந்துவிட்டது என்று காட்டும், அதை நம்பிப் போய் இரண்டு முறை நடுவழியில் நின்றிருக்கிறோம். இரண்டு கார்புரேட்டர், ஒன்றைச் சரிபண்ணினால் மற்றது முறுக்கிக்கொள்ளும். மெட்டுப் பனியும் மழையும் பட்டுப்பட்டு அடித்தகடு துருப்பிடித்து, அம்மா முதலும் கடைசியுமாக அதில் ஏறிய அன்று காலடியில் ரோடு ஓடுவது தெரிந்தது. வீடு வந்து சேரும்வரை அவள் காலைத் தரையில் வைக்கவேயில்லை.

வைத்தியம் பார்த்தவர் பவுன்ராசு. தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளுக்கெல்லாம் அவர்தான் மெக்கானிக். ஜீப்பைத் தவிர வேறொன்றையும் அவர் வாகனமாக மதித்ததில்லை. “ஜீப்புக்கு ஆகுறது இதுக்கு ஆகாதாக்கும்?” என்று சொல்லிச் சொல்லியே ஜீப்பின் குழாய், ஜீப்பின் வயர், லாரியின் போல்ட் என்று ஒவ்வொன்றாய் உள்ளே தள்ளினார். ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு கை மஞ்சள்தூளை அள்ளி உள்ளே போடுவார். எங்கள் பக்கத்து டிரைவர்கள் எல்லோரும் செய்வதுதான். தூள் போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும், கொஞ்ச நாளைக்கு ஒழுகாது. ஜீப்புக்கு அது சரியான வைத்தியம். இத்தாலிக்காரிக்கு உள்குழாயெல்லாம் நரம்பு மாதிரி மெல்லிசு என்பது அவருக்குத் தெரியாது.

எஞ்சினுக்குள் பல் வைத்த ரப்பர் பெல்ட் ஒன்று உண்டு. அது அறுந்தால் வால்வெல்லாம் பிஸ்டனில் முட்டி வளைந்துபோகும். குரங்கணிப் பாதையில் ஒருநாள் அறுந்தது. சாமான் பம்பாயிலிருந்து பார்சலில் வந்தது, வந்தது வேறு வருடத்து வண்டிக்கானது, திருப்பி அனுப்பி மறுபடி வரவழைத்தார்கள். ஜீப்புக்கு எஞ்சினையே மாற்றுகிற செலவு. அம்மா எந்தச் செலவையும் காயில்தான் அளப்பாள். பெல்ட்டுக்கு ஒரு மூட்டைக் காய், கியர்பாக்சுக்கு இரண்டு மூட்டை, கார்புரேட்டர் வாஷருக்குக்கூடக் கிலோக்கணக்கு. “மலையில வெளைஞ்சதெல்லாம் இவ வயித்துக்குள்ளதேன் போகுது” என்பாள்.

மெட்டு மலைப்பாதையில் ஏறும்போது வண்டி நின்றால் பின்சக்கரத்துக்கு உடனே கல் கொடுக்க வேண்டும். கிளம்பியதும் மறக்காமல் அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து வருகிற டிரைவர் நம் பரம்பரையையே திட்டுவான். எங்கள் வண்டியில் கல் இலாகா என்னுடையது. தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவில் இரண்டு கையிலும் கல்லோடு நான் நின்ற கோலத்தைத் தோட்டத்துக்குப் போகிற ஜீப்புகளெல்லாம் பார்த்திருக்கின்றன. நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஒருநாள் ஒரு அக்கா, “அண்ணே, பாப்பாவ எங்க ஜீப்புல ஏத்திவிடுங்க, அதுவாவது வெரசா போய்ச் சேரட்டும்” என்றாள். ஜீப்பே சிரித்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். நான் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

படிப்பு முடிந்ததும் எனக்குக் கம்பத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பேங்கில் வேலை, அதிர்ந்து பேசாத சுபாவம் என்றார்கள். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு நடக்கும். கோயிலில் கும்பிட்டுவிட்டு, திறந்த காரில் மாப்பிள்ளையை உட்காரவைத்து, மேளதாளத்தோடு தெருத்தெருவாக மண்டபத்துக்குக் கூட்டி வருவார்கள். அதற்கென்றே ஜோடித்த கார்கள் தேனியில் வாடகைக்குக் கிடைக்கும். அப்பா அதெல்லாம் வேண்டாமென்றுவிட்டார். மாப்பிள்ளை இத்தாலிக்காரியில்தான் வருவார் என்றார்.

எனக்குப் பகீரென்றது. அந்த வண்டி ஓடினால்தான் உயிரோடு இருக்கும். முகத்தில் காற்று அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஊர்ந்து போனால் கொதித்துவிடும். சந்தை நாளில் அப்பாவே அதைக் கடைவீதிப் பக்கம் எடுக்க மாட்டார். நாதஸ்வரத்துக்குப் பின்னால் நத்தை மாதிரி எப்படிப் போகும்? பவுன்ராசுவே வேண்டாமென்றார். அம்மா அழுதாள், நானும் அழுதேன். அப்பா என் முகத்தைப் பார்க்காமல், “மாப்ள நம்ம வண்டியிலதேன் வர்றாரு. முடிஞ்சு போச்சு” என்றார். மகள் கல்யாணத்தில்கூடத் தன் காரைத்தான் காட்ட வேண்டுமா என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் மண்டபத்து மாடி ஜன்னலோரம் தோழிகளோடு உட்கார்ந்திருந்தேன். மேளச் சத்தம் தூரத்தில் கேட்டது. மூலைக்கு மூலை நின்று நின்று வாசித்தார்கள். ஒவ்வொரு தடவை நின்றபோதும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். தோழிகள் நான் வெட்கப்படுகிறேன் என்று கிள்ளினார்கள், நான் ரேடியேட்டரை நினைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று நாதஸ்வரம் பாதியில் அறுந்தது. தவிலும் நின்றது. அப்புறம் தெருவே சிரிக்கிற சத்தம்.

நடந்ததைத் தம்பி மூச்சிரைக்க ஓடி வந்து சொன்னான். பவுன்ராசு சீரியல் பல்புகளைக் கார் பேட்டரியிலேயே மாட்டியிருக்கிறார். அது மின்சாரத்தை உறிஞ்ச, ரேடியேட்டருக்கு முன்னால் சுற்ற வேண்டிய விசிறி நின்றிருக்கிறது. ஆவி கிளம்பியதும் பவுன்ராசு சாக்கை நனைத்துப் பிடித்துக்கொண்டு அவசரமாக மூடியைத் திருகிவிட்டார். உள்ளே இருந்தது அவர் கைநிறையப் போட்டுவைத்த மஞ்சள்தூள். நாதஸ்வரக்காரர் துள்ளி ஓட, மேலே எகிறிய மஞ்சள் தண்ணீர், சீட்டின் முதுகில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் பட்டுச்சட்டை, அங்கவஸ்திரம், தலை, மாலை எல்லாவற்றிலும் சாரலாய் இறங்கியது. நல்லவேளை, ஆறி விழுந்ததால் சுடவில்லை. வெட்டப்போகிற கிடாய்க்கு மஞ்சத்தண்ணி தெளித்தாற்போல இருக்கிறது என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, அதற்குத்தான் அவ்வளவு சிரிப்பு.

இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு ஜன்னல் கதவைச் சாத்திவிட்டேன். சாத்தினாலும் காது கேட்டுத் தொலைத்தது, ஏனென்றால் அவர்கள் மாப்பிள்ளையை நடத்தியே மண்டபத்து வாசலுக்குக் கூட்டி வந்திருந்தார்கள். அவருடைய தாய்மாமன் உள்ளே காலை வைக்கவில்லை.

“எங்க பிள்ளைக்கு நடுரோட்டுல மஞ்சத்தண்ணி ஊத்திவிட்டிருக்கீக. நல்ல வண்டில ஒக்கார வச்சு, கோயில்ல இருந்து மறுபடி அழைச்சு வாங்க. இல்லையா, நாங்க இப்பிடியே கம்பத்துக்குத் திரும்பிக்கிறோம்.”

கல்யாணம் நின்றால் போடியில் நான் எந்தத் தெருவில் நடப்பேன்? அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். ஏலத்தில் யாருக்கும் குரல் தாழ்த்தாதவர், காலில் விழாத குறையாகப் பேசினார்.

“தப்பு ஏம்மேலதேன். நம்ம காரை ஊரு பாக்கணும்னு எனக்கு ஒரு கிறுக்கு. மன்னிச்சுக்கங்க.”

மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. அதிர்ந்து பேசாதவர் என்றுதான் முன்பே சொல்லியிருந்தார்களே.

ஊரில் அந்த நேரத்தில் பார்வையான கார் எதிர்க்கடை அண்ணாச்சியிடம்தான் இருந்தது, ஒரு கறுப்பு அம்பாசடர். அப்பாவுக்கு ஏலத்தில் அவர்தான் நேர் போட்டி. அந்தக் காரை ஊறுகாய் ஜாடி என்று அப்பா கேலி செய்யாத நாள் இல்லை, அது அண்ணாச்சி காதுக்குப் போகாமலும் இல்லை. அப்பா வேட்டியில் மஞ்சள் கறையோடு அவர் வீட்டுக்கு நடந்து போனார். அண்ணாச்சி ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லையாம். சட்டையை மாட்டிக்கொண்டு அவரே காரை எடுத்து வந்து, அவரே ஓட்டினார். கேலி செய்திருந்தால்கூட அப்பாவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மாப்பிள்ளைக்கு வேறு உடுப்பு மாற்றி, கோயிலிலிருந்து மறுபடி அழைப்பு நடந்தது. முதல் தடவை பார்க்காதவர்களும் இந்த முறை கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார்கள். ஊர்வலம் போன அதே தெருவில் இத்தாலிக்காரி பூமாலையோடு ஓரமாக நின்றது. அப்பாவிடம் காயைத் தரம்பிரித்துப் பொறுக்குகிற பெண்கள் நாலைந்து பேர் கல்யாணம் பார்க்க வந்திருந்தார்கள், அவர்கள்தான் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதைத் தள்ளி மண்டபத்துச் சந்தில் விட்டார்கள். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தார். மாடியிலிருந்து அவர் வழுக்கை மட்டும் தெரிந்தது. அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் நான் உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் என் கையை மாப்பிள்ளை கையில் பிடித்துக் கொடுத்தார். விபூதி பூசினார். மறுவீட்டுக்குக் கிளம்பும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தார். எல்லா நேரமும் நான் தரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, புதுப்பெண்ணுக்கு வருகிற வெட்கம் இல்லை, இவர் மகளா நான் என்கிற வெட்கம்.

இத்தாலிக்காரி அதற்கப்புறம் ஓடவில்லை. அப்பா காய் மூட்டை அடுக்குகிற ஸ்டோருக்குப் பின்னால் சாக்குப் போர்த்திக் கிடந்தது. ஹாரன் ஒரு ஜீப்புக்குப் போனது. சக்கரங்கள் எங்கே போயினவென்று தெரியாது. கடைசியில் மிச்சத்தை எடை போட்டு இரும்புக்கடைக்காரர் ஏற்றிப்போனார். அப்பா பொங்கலுக்கும் ஆடிக்கும் கம்பத்துக்குப் பஸ்ஸில் வருவார். கதவுப்பக்க நாற்காலியில் பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் காபி குடிப்பார். ஒரு பொட்டலம் முதல்தரக் காயை மேசையில் வைப்பார். “சோலி கெடக்கு ஆத்தா, வர்றேன்” என்று எழுந்துவிடுவார். சாப்பிட்டுவிட்டுப் போங்கப்பா என்று நான் ஒரு தடவை சொல்வேன், இரண்டாம் தடவை சொல்ல மாட்டேன். அவர் வந்ததும் என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார். அன்று பட்ட அவமானம் இவருக்கு ஆறவில்லை என்று நினைத்துக்கொள்வேன். அதற்கும் சேர்த்து அப்பா மேல் ஒரு கோபம் இருந்தது.

அப்பா இறந்து பதினாறாம் நாள் விசேஷம் முடிந்தது. உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு ஸ்டோரின் பின்பக்கம் கை கழுவப் போனேன். கார் கிடந்த இடத்தில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அழுதிருக்கிறார் என்று தெரிந்தது. என்னைப் பார்த்ததும் சொன்னார்.

“அன்னைக்கு அந்தக் காருதேன் வேணும்னு கேட்டது நாந்தேன்.”

பெண் பார்க்க வந்த அன்றே அந்தக் காரில் கண் விழுந்துவிட்டதாம். அழைப்புக்கு அதுதான் வேண்டுமென்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்பா கம்பத்தில் இவர் வேலை பார்த்த பேங்குக்கே போய், மாப்ளே, இது மெதுவாகப் போனால் தாங்காது, வேறு என்ன கார் வேண்டுமானாலும் ஏற்பாடு செய்கிறேன் என்று கேட்டிருக்கிறார். இவர் சிநேகிதர்களிடமெல்லாம் தமுக்கடித்து வைத்திருந்தார். அதெல்லாம் பார்த்து ஓட்டினால் போதும் மாமா என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டதை இரண்டாம் தடவை மறுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. வாசலில் தாய்மாமன் கத்தியபோது வாய் திறக்க இவருக்குத் தைரியம் வரவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் தனியாகப் போய் அப்பாவிடம், நான் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றிருக்கிறார். அதற்கு அப்பா சொன்னதை இவர் அப்படியே சொன்னார்.

“வேணாம் மாப்ளே. அது ஏங்கிட்டயே கெடக்கட்டும். எம்மக என்னைய வருசத்துக்கு ரெண்டு தடவை பாக்கப் போறா. ஒங்க மூஞ்சியத்தேன் தெனம் பாக்கணும்.”

அவர் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கை கழுவ எடுத்த தண்ணீர் வாளியோடு நின்றேன். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாத ஒரு வெட்கம்தான் வந்தது, அது இன்னும் போகவில்லை.

அந்த ஸ்டோர் இப்போது துணிக்கடை. எதிர்க்கடை அண்ணாச்சியும் இல்லை, அவர் அம்பாசடரும் இல்லை. மாப்பிள்ளைகள் லிப்டில் ஏறி நேரே மேடைக்கு வருகிறார்கள். தெருவில் யாரும் கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பதில்லை. எங்கள் கல்யாண ஆல்பத்தை மட்டும் பேத்தி அவ்வப்போது எடுத்துப் புரட்டுவாள். எல்லாப் படத்திலும் நான் குனிந்தே இருக்கிறேன். அந்தக் காலத்தில் பொண்ணுகளுக்கு என்ன வெட்கம் பாருங்க பாட்டி என்று சிரிப்பாள். நான் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அப்பா இரண்டே படத்தில்தான் இருக்கிறார், இரண்டிலும் ஓரத்தில் நின்று என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.